குரல் யாருடையது என்று கேட்கச் சொன்னவர்

செய்தி வந்தபோது நான் கிளினிக்கில் இருந்தேன். மழை பெய்து ஓய்ந்த காலை. வெளி விறாந்தையின் நீள வாங்குப் பலகைகளில் ஆட்கள் ஈரக் குடைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தொலைபேசியில் பிலோமினா அக்காவின் தம்பி செபஸ்தியான் கதைத்தார்.

"டொக்டர், அக்கா போயிட்டா. காலமைப் பூசைக்கு வெளிக்கிட்டவ. செருப்பைப் போடுவம் எண்டு கதிரையில இருந்தவ, அப்பிடியே சாஞ்சிட்டா."

எனக்கு எதிரே இருந்த மனிதர் தன் நித்திரையின்மை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய உதடுகள் அசைவது தெரிந்தது. சத்தம் மட்டும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல எங்கோ தூரத்தில் கேட்டது. மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து சொல்லும்படி வேண்டிக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையில் பிலோமினா அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அவர் துறைமுகத்தை அடுத்த கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் தொலைபேசி இயக்குநராக வேலை பார்த்தவர். மூன்று மொழிகளிலும் ஒரே இனிமையோடு "கொஞ்சம் பொறுங்கள், இணைக்கிறேன்" என்று சொல்லக்கூடியவர். நான் அவருடைய மனநல வைத்தியர். அவர் யார் என்று தெரியாமலே பல வருடங்கள் அவருக்கு வைத்தியம் செய்தவன்.

முதன்முதல் என்னிடம் வந்தபோது அவருக்கு நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட பருத்திச் சேலை, வைரம்போல் துடைத்த மூக்குக்கண்ணாடி. குரல் கேட்கிறதா என்று கேட்டேன். ஓம் என்றார். என்ன சொல்கிறது என்றேன்.

"பிள்ளை, கதவைத் திற எண்டு சொல்லும்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில், காதில் மாட்டும் கருவியில்தான் அதை முதலில் கேட்டாராம். லைன் குறுக்கிடுகிறது என்று நினைத்து, "நீங்கள் யாருடன் கதைக்க வேண்டும்?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். சொல்லும்போது சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கட்டளையிடும் குரல் என்று எழுதினேன். மனச்சிதைவு நோய் என்று எழுதினேன். வெளியே இன்னும் அறுபது பேர் காத்திருந்தார்கள். மருந்தைக் கூடிய அளவில் எழுதினேன். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

மருந்து வேலை செய்தது என்றே கோப்பில் இருக்கிறது. குரல் குறைந்தது, நோயாளி அமைதியாக இருக்கிறார். கோப்பில் இல்லாதவை பல. கை நடுங்கி, இலக்கங்களைத் தவறாக அழுத்தி, அவர் வேலையை விட்டது அதில் இல்லை. உடம்பு பெருத்தது, வாயோரம் எச்சில் வடிந்தது, ஜன்னலோரம் இருந்து துறைமுகத்தின் கிரேன்களைப் பார்த்தபடி பின்னேரங்கள் எப்போது வந்து எப்போது போயின என்று அறியாமல் இருந்தது, எதுவும் இல்லை. பின்னாளில் அவர் சொன்னார்: "குரலைத் தூரத்தில கொண்டுபோய் விட்டீங்கள் டொக்டர். ஆனா என்னையும் அதோட சேர்த்தே விட்டிட்டீங்கள்."

ஒருநாள் செபஸ்தியான் பதறிக்கொண்டு வந்தார். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர், கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருந்தார். அக்கா மருந்தைத் திடீரென்று நிறுத்திவிட்டா, அடுக்குமாடியில் மாடி மாடியாகப் போய் மற்றவர்களின் கதவுகளைத் திறந்து விடுகிறா, பொலிஸுக்குச் சொல்லப்போகிறார்கள் என்றார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் படிவத்தில் நான் கையெழுத்திட்டேன். ஊசி போடுவதற்காக மூன்று பேர் அவரைப் பிடித்தார்கள். அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்து, "நீங்களும் வாயைப் பொத்திறீங்களே டொக்டர்" என்றார். ஒருவரும் அவருடைய வாயைத் தொடவில்லை. அதையும் நோயின் அடையாளமாகவே குறித்துக்கொண்டேன்.

அவர் வீடு திரும்பிச் சில மாதங்களின் பின் கிளினிக்குக்கு வந்த அன்று அவருடைய கோப்பு கிடைக்கவில்லை. எழுதுவினைஞர் அலுமாரிகளை எல்லாம் தேடிவிட்டுக் கையை விரித்தார். கோப்பு இல்லாமல் எங்கே தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை. மேசையில் ஒரு வெறும் தாள் கிடந்தது. அதற்கு அப்பால் அவர் இருந்தார்.

"அப்ப இண்டைக்கு என்ன செய்வம்?" என்றார், எனக்காக இரங்குவதுபோல.

"நீங்களே சொல்லுங்கள்."

"குரல் கேக்குதா எண்டு கேட்டீங்கள். என்ன சொல்லுது எண்டும் கேட்டீங்கள். இவ்வளவு வருசத்தில அது ஆற்ர குரல் எண்டு கேக்கேல்லையே."

கேட்டேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். தமிழரின் வீடுகளைத் தேடிக் கொளுத்திய கலவர நாட்களில் அவருடைய குடும்பம் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் குடியிருந்தது. அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. பெருந்தெருவான காலி வீதிப் பக்கம் புகை எழும்பியதும் தகப்பனார் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார். மத்தியானம் கதவு தட்டப்பட்டது. அடுத்த வீட்டில் தனியாக இருந்த மங்களம் அன்ரி. "பிள்ளை, கதவைத் திற." பிலோமினா எழும்பினார். தகப்பனார் பின்னால் வந்து அவருடைய வாயைக் கையால் பொத்தினார். குரல் மூன்று தரம் கூப்பிட்டது. பிறகு காலடிச் சத்தம் போய்விட்டது. அன்று மாலை அவர்கள் பின்மதில் ஏறித் தப்பி, கொட்டாஞ்சேனையில் ஒரு மாதா கோயிலில் அடைக்கலம் புகுந்தார்கள். மங்களம் அன்ரியைப் பிறகு ஒருவரும் காணவில்லை. தகப்பனார் அதைப் பற்றிக் கதைக்காமலே இறந்துபோனார்.

நான் பேனையை வைத்துவிட்டேன். நான் படித்த படிப்பில் இதற்கு ஒரு பெயரும், படிவத்தில் ஒரு பெட்டியும் உண்டு. அதில் சரி அடையாளம் இடலாம். அன்று அது எனக்கு வெட்கமாக இருந்தது. "வாயைப் பொத்திறீங்களே" என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன, இப்ப கேட்டிட்டீங்கள்தானே" என்றார்.

அந்த ஒழுங்கைக்குப் போக வேண்டும் என்றார் அவர். நான் வெள்ளவத்தைவாசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூடப் போனேன். வைத்தியர்கள் அப்படிப் போவதில்லை என்று தெரிந்துதான் போனேன். அவர்களுடைய வீடு இருந்த இடத்தில் எட்டு மாடிக் கட்டடம் நின்றது. ஒழுங்கையின் முடிவில் கடல் வெள்ளையாக மினுங்கியது. வெயிலில் எல்லாம் கொஞ்சம் மிதப்பதுபோல இருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு பழைய வீடு மட்டும் மிச்சம். அங்கே வயதான ஒரு சிங்கள அம்மா, "வாடிவென்ன, வாடிவென்ன" என்று இருக்கச் சொல்லிக் கதிரை இழுத்துப் போட்டார். பிலோமினா அக்கா சிங்களத்தில் தாங்கள் இருந்த வீட்டையும் மங்களம் அன்ரியின் பெயரையும் சொன்னார்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. கலவரத்தின்போது மங்களம் அந்த வீட்டில்தான் இருந்தாராம். அந்த அம்மாவின் தாயார் அவரை மூன்று நாட்கள் அரிசி வைக்கும் அறையில் ஒளித்துவைத்தாராம். பிறகு மங்களம் கப்பலில் வடக்கே போய், நெடுங்காலம் இருந்து, கட்டிலில் படுத்தபடி நிம்மதியாகக் கண்ணை மூடினாராம். அதுவரை கடிதம் எழுதுவாராம்.

"ஒவ்வொரு கடிதத்திலும் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கேட்பார்" என்றார் அந்த அம்மா. "அன்றைக்கு இங்கே வந்து சேர்ந்த பிறகு, எங்கள் அம்மா எவ்வளவு தடுத்தும் கேட்காமல் திரும்பப் போனார். உங்களையும் கூட்டிக்கொண்டு வரத்தான். தட்டித் தட்டிப் பார்த்தேன், யாருமில்லை என்று அழுதுகொண்டு வந்தார்."

பிலோமினா அக்கா வாசற்படியில் இருந்துவிட்டார். அழுதார், நடுவில் சிரித்தார், திரும்பவும் அழுதார். இருபது வருடங்களுக்கு மேலாக, உள்ளே விடும்படி கெஞ்சும் குரல் என்று நினைத்திருந்தவர் அவர். நாங்களோ மூளையின் கோளாறு என்று எழுதியிருந்தோம்.

அதற்குப் பிறகு குரல் நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. "வரும் டொக்டர். அதே சொல்லுத்தான். ஆனா இப்ப என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிற மாதிரிக் கேக்கும்" என்றார். மருந்தை மெதுவாக, ஒன்றரை வருடம் எடுத்துக் குறைத்தோம். கடைசிவரை சிறு அளவு எடுத்தார். "நித்திரையும் வேணும், முழிப்பும் வேணும்" என்பது அவர் கணக்கு.

பிறகு அவர் கோயிலை அடுத்த மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு கூட்டம் தொடங்கினார். குரல் கேட்பவர்கள், உருவம் காண்பவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள் வருவார்கள். இஞ்சித் தேத்தண்ணீர், மாரி பிஸ்கற். ஒரேயொரு சட்டம்: "இஞ்ச நோயின்ர பேர் வேண்டாம். உங்கட பேர் போதும்." நானும் போவேன். முதல் மூன்று வாரம் கேட்டுக்கொண்டு இருக்க மட்டும் அனுமதித்தார்.

மருந்துக்கு எதிரி என்று அவரைச் சொன்னவர்கள் உண்டு. என் சக வைத்தியர்களிலும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு வரும் வங்கி ஊழியர் ஒருவர், அக்காவைப் பின்பற்றுவதாக நினைத்து எல்லா மாத்திரைகளையும் ஒரே நாளில் எறிந்துவிட்டார். சாப்பாட்டில் விஷம் என்று நான்கு நாட்கள் பட்டினி கிடந்தார். அவரை முச்சக்கரவண்டியில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தவர் பிலோமினா அக்காதான். முதலில் தானே அவருடைய தட்டிலிருந்து சாப்பிட்டுக் காட்டி, இரண்டு வாய் ஊட்டியும் இருந்தார்.

"இவருக்கு மருந்து வேணும் டொக்டர். எழுதுங்கோ. ஆனா எழுத முதல் இவரோட கதையுங்கோ."

அந்த வரிசையைத்தான் அவர் எங்களிடம் கேட்டார். அதைக் கொடுக்கவே எங்களால் முடியாமல் இருந்தது. நான் இன்றும் மருந்து எழுதுகிறேன். அதனால் உயிர் பிழைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதருடைய துயரத்தை அவருடைய தலைக்குள் மட்டும் தேடும் வழக்கத்தை விட்டுவிட்டேன். இன்னொன்றையும் ஒளிக்கக் கூடாது. அக்காவைக் கொண்டுபோனது நீரிழிவும் இருதயமும். நான் வருடக்கணக்காக எழுதிக் கொடுத்த மாத்திரைகளுக்கு அதில் பங்கு இருந்திருக்கலாம். அவருக்கும் அது தெரியும். ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

அடக்கத்தன்று சனிக்கிழமைக் கூட்டத்தினர் ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் பெயரை மட்டும் சொன்னார்கள். பாதிரியார் பொறுமையாகக் காத்திருந்தார். செபஸ்தியான் கடைசியாக எழும்பினார். தன் பெயருக்குப் பதிலாக அக்காவின் பெயரைச் சொன்னார்.

போன மாதம், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், அக்காவை வெள்ளவத்தைக் கடற்கரையில் கண்டேன். தண்டவாளத்தை ஒட்டிய கற்களில் இருந்துகொண்டு, கடதாசிச் சுருளில் கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சூரியன் விழுந்துகொண்டிருந்தது. பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் வேலைவிட்டவர்களை நிறைத்துக்கொண்டு மெல்ல வந்தது. அக்கா கையை உயர்த்தி அசைத்தார். மிதிபலகையில் தொங்கியவர்கள் முதலில் விழித்தார்கள். பிறகு ஒருவர் அசைத்தார், அடுத்தவர் அசைத்தார், பெட்டி பெட்டியாக அறியாத கைகள் எல்லாம் செம்பொன் வெளிச்சத்தில் அசைந்துகொண்டே போயின.

"தெரிஞ்ச ஆக்களோ அக்கா?" என்று கேட்டேன்.

"இப்ப தெரியும்" என்றார்.

சுகமாகப் போங்கள், அக்கா. நாங்கள் இங்கிருந்து கை அசைக்கிறோம்.