வரிசையில் மோமிர்

செர்பியாவும் குரோவேஷியாவும் மோதுகிற நாளில் மோமிர் விறகு பிளப்பார். கால்பந்தோ, ஹேண்ட்பாலோ, எதுவானாலும் சரி, தொலைக்காட்சியில் வீரர்கள் தேசிய கீதத்துக்கு நிற்கும்போதே கோடரியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார். ஆட்டம் முடிந்து தெரு அடங்கும்வரை கோடரி ஓயாது. மூன்று குளிர்காலத்துக்கான விறகு அவர் வீட்டுச் சுவரோரம் அடுக்கிக் கிடக்கிறது.

"மாமா, இன்னிக்கு யாரு ஜெயிக்கணும்?" என்று கிளப் ஆட்டக்காரர்கள் சீண்டுவார்கள்.

"மழை வந்துட்டாத் தேவல."

"ஹேண்ட்பால் மாமா! கூரைக்குள்ள ஆடுறது!"

"கூரை ஒழுகாதா?"

அறுபத்து மூன்று வயது. குரோவேஷியாவின் கிழக்கு ஓரத்தில், டான்யூப் கரையிலிருக்கும் கிராமத்துக் கால்பந்து கிளப்பில் அவர் பார்க்காத வேலை இல்லை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவார். சட்டைகளைத் துவைத்து, ஒன்று முதல் பதினெட்டு வரை எண் பிசகாமல் வேலிக் கம்பியில் காயப்போடுவார். ஒன்பதுக்குப் பக்கத்தில் பதினொன்றைப் பார்த்துவிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து மாற்றி மாட்டுவார். வாயில் எப்போதும் பூசணி விதை. எதைக் கேட்டாலும் முதல் பதில், "பாப்போம்."

அப்பா செர்பியர், அம்மா குரோவேஷியப் பெண். அதனால் வீட்டில் கிறிஸ்துமஸ் அம்மா வழிக்கு டிசம்பரில் ஒருமுறை, அப்பா வழிக்கு ஜனவரியில் ஒருமுறை. இரண்டு தடவையும் சந்தோஷமாகவே சாப்பிடுவார். சாவு வீட்டில்தான் சிக்கல். சிலுவை போடும்போது அப்பா வழிக்காரர்கள் வலத் தோளை முதலில் தொடுவார்கள். அம்மா வழிக்காரர்கள் இடத் தோளை. மோமிர் இரண்டாவது பொத்தானுக்கு மேலே, கொசு ஓட்டுவதுபோல விரலைச் சின்னதாய் அசைப்பார். எந்தப் பக்கம் போயிற்று என்று அடுத்து நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

இந்த வித்தை தேர்தலில் பலிக்காது. வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'செர்பியர்' என்று இருக்கிறது. அப்படி இருப்பவர்கள் நாடாளுமன்றத் தேர்தலில், செர்பியர்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கான சீட்டைக் கேட்டு வாங்கலாம். அல்லது எல்லோருக்குமான பொதுச் சீட்டை வாங்கலாம். இரண்டையும் வாங்க முடியாது. மறைப்புக்குள் வேட்பாளர் எண்ணைச் சுற்றிப் போடுகிற வட்டம்தான் ரகசியம். எந்தச் சீட்டு என்பதை மேசைக்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

ஒப்ராத் என்கிற செர்பியர், அந்த ஒதுக்கீட்டு இடத்துக்கு வாக்குக் கேட்டு வீடு வீடாக அலைகிறவர். தொண்ணூறுகளின் போர்க்காலத்தில் மோமிர் ஊர்த் தண்ணீர் பம்பை ஓட்டிய நான்கு வருடத்தை, அப்போது ஊரைப் பிடித்து வைத்திருந்த செர்பிய நிர்வாகத்தின் முத்திரை செல்லாது என்று ஓய்வூதிய அலுவலகம் தள்ளிவிட்டது. ஒப்ராத்தான் சாட்சிகளைத் தேடிப் பிடித்து, அதைப் பணிக்காலத்தில் சேர்க்க வைத்தார். இந்தப் பக்கம் கிளப் தலைவர் ஸ்வோன்கோ, பொதுச் சீட்டில் போட்டியிடுகிற கட்சியின் ஆள். போர் முடிந்தபின், மோமிரின் செர்பியக் குடும்பப் பெயரைக் கேட்டதுமே எல்லோரும் வேலை இல்லை என்றார்கள். ஸ்வோன்கோ மட்டும் கிளப் சாவியைக் கையில் திணித்து, "எவனாவது பேரக் கேட்டா எங்கிட்ட அனுப்பு" என்றார்.

ஒரு மனிதர் பறிபோன வருடங்களை மீட்டுக் கொடுத்தவர். இன்னொருவர் அதற்குப் பிந்தைய வருடங்களைக் கொடுத்தவர். மோமிரிடம் இருப்பதோ ஒரே வாக்கு.

"பயப்படுறியா?" என்று அன்று காலையில் மனைவி காத்தா கேட்டாள்.

"பயப்படறதுக்கும் ஒரு பக்கத்துல நிக்கணுமேடி. நான் எந்தப் பக்கம்னே எனக்குப் புரியல."

வாக்குச்சாவடி கிளப் கட்டடத்தில்தான். விடிவதற்குள் மோமிரே கதவைத் திறந்து மேசைகளைத் தூக்கிப் போட்டார். பதினொரு மணிக்கு வரிசையில் நின்றார். மேசையில் ஸ்வோன்கோவின் மனைவி பிசெர்காவும் ஒப்ராத்தின் மைத்துனரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கண்ணே. எந்தச் சீட்டு?" என்றாள் பிசெர்கா.

"ரெண்டையும் ஒருதரம் பாத்துட்டுச் சொல்லட்டுமா?"

"எடுத்துப் பாக்க இது என்ன துணிக்கடையா?"

பின்னாலிருந்து யாரோ, "அண்ணே, எங்க வீட்டுல சூப் ஆறுது" என்றார்கள். மோமிருக்கு உயிர் வந்தது. "அட, நீங்க மொதல்ல போங்க" என்று விலகி, வரிசையின் கடைசிக்குப் போனார். அங்கிருந்து நகர்ந்து, மைதானத்தில் அவசியமில்லாத ஒரு கோட்டுக்குச் சுண்ணாம்பு பூசினார்.

மூன்று மணிக்கு மறுபடியும் வந்தார்.

"என்ன மோமிர், காலைல கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டியா?" என்றார் ஒப்ராத்தின் மைத்துனர்.

பிசெர்கா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க எதக் கேட்டாலும் நான் போய் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டா இருக்கப்போறேன்?"

அவள் போய்ச் சொல்லக்கூடும் என்பதே அப்போதுதான் மோமிருக்குத் தோன்றியது. பின்னால் ஒரு கிழவர் கைத்தடியோடு நின்றார். "பெரியவரே, கால் வலிக்குமே. நீங்க மொதல்ல."

ஏழு அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது மூன்றாவது முறை வந்தார். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். அறையில் அவரையும் மேசைக்காரர்களையும் தவிர யாரும் இல்லை. பட்டியலின் அந்தப் பக்கத்தில் அவர் பெயர் மட்டும் கோடு விழாமல் இருந்தது.

"அண்ணே, சாத்தப் போறோம். எந்தச் சீட்டு?"

ஒப்ராத்தின் மைத்துனர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிசெர்காவின் பேனா மோமிர் பெயருக்கு மேல் நின்றது. மோமிர் மேசையிலிருந்த இடது சீட்டடுக்கைப் பார்த்தார். வலது அடுக்கைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மரியாதையாக ஓரடி விலகி, லேசாகக் குனிந்து, ஆளில்லாத வாசலை நோக்கி, நீங்க மொதல்ல என்பதுபோலக் கையை நீட்டினார்.