டாக்டரம்மாவின் இடது கால்

உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. அக்கா காதைத் தீட்டிக்கொண்டாள் என்று அர்த்தம். பூட்ஸ்காரர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். வாசலில் டாக்டரம்மாவின் காலடி.

பூட்ஸ்காரருக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. ஒன்றுவிட்ட தம்பியையே தெருவில் பார்த்துவிட்டு யாரோ என்று கடந்துபோனவர். ஆனால் ஒருமுறை அளந்த காலை மறக்கமாட்டார். சுவர் முழுக்க வாடிக்கையாளர்களின் பாதங்கள் மர அச்சுகளாகத் தொங்கின. ஒரு காலத்தில் இரண்டு காலுக்கும் ஒரே அச்சில்தான் பூட்ஸ் தைத்தார்களாம். போட்டு நடந்து நடந்துதான் இடது, வலது என்று ஆகுமாம். இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அறுப்பார். கொட்டாவி விடாமல் கேட்டது ஒரே ஒருத்தர்தான். குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் இந்த டாக்டரம்மா.

"அப்போ கால்தான் பூட்ஸுக்குப் பாடம் நடத்தியிருக்குன்னு சொல்லுங்க!" என்று சிரித்தார். அன்றைக்கே தொலைந்தார் பூட்ஸ்காரர். ஐம்பதை நெருங்கும் பிரம்மச்சாரியின் மனதில் முதன்முதலாக ஒரு முகம் ஒட்டிக்கொண்டது.

வழக்கமாகப் பாதி தைத்த பூட்ஸை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும். டாக்டரம்மாவை மூன்று தடவை வரவழைத்துவிட்டார். இடது கால் இறுக்குகிறது என்று அச்சின்மேல் தோல் துண்டு ஒட்டுவார். அடுத்த வாரம் தொளதொளக்கிறது என்று பிய்ப்பார்.

"அந்த மரக்கட்டைக்கு வாயிருந்தா அழும்டா," என்பாள், மேல்தோல் தைத்துக்கொடுக்கும் அக்கா. "அது கிடக்கட்டும், உனக்கு வாயிருக்கே, அதைத் திறந்தா என்ன?"

"சும்மா இருக்கா! அவங்க காதுல விழுந்துடப்போகுது."

"விழட்டுமே. நீயா சொல்லப்போறே?"

இன்று ஒட்டவும் பிய்க்கவும் எதுவும் பாக்கியில்லை. மெழுகு ஏற்றிய நூலால் அடித்தோலைத் தைத்து, விளிம்பை மினுக்கி, வேலை முடிந்துவிட்டது. டாக்டரம்மா மாட்டிக்கொண்டு அறையில் நடந்தார். பாழாய்ப்போன கை! வேண்டுமென்றே கெடுக்கக்கூடத் தெரியவில்லை.

"எங்கயாவது கடிக்குதா?" பூட்ஸ்காரரின் குரலில் ஒரு நப்பாசை.

"இல்லையே மாஸ்டர். காலோட பொறந்த மாதிரி இருக்கு. எத்தனை வருஷம் உழைக்கும்?"

"பதினஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பதினைந்து வருஷம்! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாரே!

"அப்போ நான் இனிமே வரவேண்டியதில்ல?"

"இ... இல்ல. நல்லா அமைஞ்சுபோச்சு."

உள்ளே அக்கா தலையிலடித்துக்கொள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

டாக்டரம்மா ஒரு கணம் நின்றார். பிறகு பையிலிருந்து, சேறு காய்ந்துபோன பழைய பூட்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். முதல் நாளே, இது தேறாது, தூக்கிப் போடுங்கள் என்று பூட்ஸ்காரர் சொல்லியிருந்த அதே ஜோடி.

"இதைக் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்க."

"இது தேறாதே டாக்டர். நான்தான் அன்னைக்கே..."

"டேய்!" உள்ளிருந்து அக்கா.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தேறாதுன்னு எனக்கும் தெரியும் மாஸ்டர். அவசரமில்ல. வாராவாரம் வந்து போட்டுப் பாக்குறேன். எப்படியும் இந்த இடது கால் தகராறு பண்ணும், இல்லையா?"

பூட்ஸ்காரர் அந்தக் கந்தல் பூட்ஸைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டார்.

"பண்ணும்," என்றார். "வலது காலும் பண்ணும்."

டாக்டரம்மா தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.