ஊரப்பாக்கத்துக்கு இடமில்லை

குறுக்கெழுத்துப் புதிரை நீங்கள் நிரப்பியிருப்பீர்கள். ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறீர்களா? நான் நாலாவது படித்தபோது என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒன்று செய்தார். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் தங்கி அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம். எங்கள் சர்ச் இளைஞர்கள் போடும் கிறிஸ்துமஸ் இதழுக்காக அந்தப் புதிர். விடைகள் எல்லாம் நம் மின்சார ரயில் நிற்கிற ஊர்களாகவே இருக்க வேண்டும் என்பது அவர் திட்டம். கூட உட்கார்ந்து செய்தால் கீழே 'உதவி' என்று என் பெயரையும் போடுவதாகச் சொன்னார். அச்சில் என் பெயர்! எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் சுலபமாகத்தான் இருந்தது. தாம்பரம் என்றால் தா, ம், ப, ர, ம் என்று ஐந்து கட்டம். அதன் 'ப'வைப் பிடித்துக்கொண்டு பல்லாவரம் கீழே இறங்கியது. பெருங்களத்தூரும் வண்டலூரும் கடைசி எழுத்தில் வந்து முட்டிக்கொண்டன. நான் கைதட்டினேன். ஆனால் ஓர் ஊரை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினால் போதும், நாலு ஊர் இடிந்து விழும். ரப்பர் தேய்ந்து தேய்ந்து வேர்க்கடலை அளவுக்கு ஆகிவிட்டது.

கடைசியில் எல்லா ஊரும் உட்கார்ந்துவிட்டன, ஊரப்பாக்கம் தவிர. அதற்கான ஏழு கட்டம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது கட்டத்தின் வழியாகக் குரோம்பேட்டை கீழே போனது. அங்கே வேண்டியது 'ம்'. ஊரப்பாக்கத்திடம் இருந்ததோ 'ப்'.

"மாமா! மீனம்பாக்கம் போடுங்க! அதுவும் ஏழு! மூணாவது 'ம்'தான்!"

"அது எனக்கும் தெரியும்டா. மீனம்பாக்கத்துக்கு ஏரோப்ளேனே வருது, இது வேறயா? ஊரப்பாக்கம் வந்தே ஆகணும்."

நாலு நாள் இப்படியே போனது. குரோம்பேட்டையைத் தூக்கிப் பார்த்தார். அதில் தொங்கிக்கொண்டிருந்த சைதாப்பேட்டையும் சரிந்தது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் தாளை ஜெராக்ஸ் கடையில் கொடுக்காவிட்டால், எங்களுக்கு ஒதுக்கிய பக்கத்தில் பிளம் கேக் செய்முறை வந்துவிடும்.

பதினொன்றரைக்கு மாமா குளிக்கப் போனார். நான் குறிப்புகளில் இருந்த ஊரப்பாக்கத்தை அழித்தேன். காலிக் கட்டங்களில் மீனம்பாக்கத்தை எழுதினேன். ஆகா, என்ன பொருத்தம்! குறிப்பில் 'விமானம் பார்க்க இங்கே இறங்கவும்' என்று எழுதி, தாள்களை எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டம். திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும் மாமா ஈரத் துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து இதழ் கொடுத்தார்கள். 'உதவி'க்குப் பக்கத்தில் என் பெயரைப் பத்து தடவையாவது படித்திருப்பேன். அதற்குள் பாட்டுக் குழுவில் பாடும் ஓர் அக்கா, புதிர் முழுவதையும் பென்சிலால் நிரப்பிக்கொண்டு நேராக மாமாவிடம் வந்தார்.

"இது நீங்க பண்ணதா சார்? வண்டலூர் இருக்கு, கூடுவாஞ்சேரி இருக்கு. நடுவுல எங்க ஊரு ஊரப்பாக்கம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அங்க வண்டி நிக்காதா?"

மாமா கையிலிருந்த இதழைப் புரட்டி ஊரப்பாக்கத்தைத் தேடினார். எனக்கே பாவமாகிவிட்டது.

"நான்தாங்க்கா எடுத்தேன். மாமா நாலு நாளா ஊரப்பாக்கம் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு."

"ஏனாம்?"

கேட்டது என்னை. பார்த்தது மாமாவை. மாமா தன் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா இதழை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். கேட் வரை போய் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

வழியில் குட்டு விழும் என்று சைக்கிளில் தலையைக் குனிந்தபடி வந்தேன். மாமா பேக்கரியில் நிறுத்தி இரண்டு க்ரீம் பன் வாங்கினார். இரண்டும் எனக்கே. திட்டு வாங்கியவர் வீடு வரை விசில் அடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வருடமும் புதிர் வந்தது. இடமிருந்து வலம், முதல் விடையே ஊரப்பாக்கம். செய்தவர்கள் இரண்டு பேர்: மாமாவும் அந்த அக்காவும். 'உதவி' என்ற வரியே இல்லை. ரயில் புதிரைக் கேக்கிடமிருந்து காப்பாற்றியவன் நான். என்னை எப்படிக் கழற்றிவிடலாம்? அம்மாவிடம் போய் அழுதேன்.

"இனிமே அவங்கள அக்கான்னு கூப்பிடாதடா, அத்தைன்னு கூப்பிடு" என்று அம்மா சிரித்தார்.

என் பெயர் விடுபட்டதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவே இல்லை.