ஐவியம்மாவும் மேல்பங்களாப் பிள்ளைகள் ஒன்பது பேரும்

ஐவியம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. அக்கரப்பத்தனைப் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருபத்தாறு வருடமாக அவர்தான் ஆயா. கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற தாய்மார் தங்கள் சின்னப் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவர் ஒரு பிள்ளைக்குச் சோறூட்டுவது மூன்றாம் நம்பர் மலைவரை கேட்கும். "முழுங்குடா ராசா! என்னா, வாய்க்குள்ளயே குடித்தனம் நடத்துறியா?" என்று இங்கே சத்தம் வந்தால், அங்கே கூடையோடு நிற்கிற தாய் சிரித்துக்கொண்டே, "எம்புள்ளதான்" என்பாள்.

அவருடைய கணவர் ஞானரட்ணம் இதற்கு நேர்மாறு. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கேட்டால், "எல்லாத்தையும் அவளே பேசிர்றா, எனக்கு மிச்சம் வெக்கிறதில்ல" என்பார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் கீழே இருக்கும் சின்னச் சர்ச்சுக்குப் போவார்கள். எங்கள் வீடு அதே லயத்தில், அந்த வரிசை வீடுகளில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. அதனால் இதில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை ஐவியம்மா சொல்ல, எங்கள் லயமே கேட்டது.

தோட்டத்துக்கு மேலே பழைய பங்களா ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. நாலு வருடத்துக்கு முன் வெண்மேகச் சபை என்ற பெயரில் ஏழு குடும்பங்கள் அங்கே வந்து குடியேறின. எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். குடி கிடையாது, சண்டை கிடையாது. தலைவரை 'மூத்தவர்' என்று கூப்பிட்டார்கள். காலையில் அவர்கள் பாடுவது பனிக்குள்ளிருந்து இறங்கி வரும். ஐவியம்மா அடுப்படியில் நின்று கேட்டுவிட்டு, "நம்ம சர்ச்சுல பாடுறதுங்க இவங்ககிட்ட வந்து படிக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். யாருக்கும் அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. அங்கிருந்த ஒன்பது பிள்ளைகள் மட்டும் பள்ளிக்கூடம் போவதில்லை. "மூத்தவர் மேலேயே படிச்சுக் குடுக்கிறாராம்" என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

போன வருடம் ஒரு நாள், பங்களாவில் தண்ணீர்க் குழாய் உடைந்து, அந்தப் பிள்ளைகள் எங்கள் லயத்துப் பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தார்கள். ஆறு வயசு திலக்ஷன் வாளியைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டுவிட்டான். ஐவியம்மா ஓடிப்போய் அவன் கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கை இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. முழங்கைவரை பிரம்புக் கோடுகள், பழையதும் புதியதுமாக.

"என்னாடா கண்ணு இது? என்னா செஞ்ச நீ?"

"சிரிச்சிட்டேன்" என்றான் பையன். "ஜெபத்துல சிரிச்சிட்டேன். மூணு நாளு சோறும் இல்ல."

அதற்குள் அவனுடைய அக்கா லோஜினி வந்து அவனை இழுத்துக்கொண்டாள். பதின்மூன்று வயசுப் பிள்ளை. "வெளியாள்கூடப் பேசக்கூடாது" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, ஐவியம்மாவை ஒரு முறை முறைத்துவிட்டு ஏறிப்போனாள்.

அன்று சாயந்தரம் எங்கள் லயம் அமைதியாக இருந்தது. ஐவியம்மா வாசலில் உட்கார்ந்து பேசாமல் இருந்தார். ஞானரட்ணத்துக்குப் பயம் பிடித்துவிட்டது.

"என்னா, மேலுக்கு முடியலயா?"

"ஏங்க, அவங்களும் ஆண்டவரத்தான் கும்புடுறாங்க. நான் போயி அவங்க மேல சொன்னா பாவமாகிருமா?"

ஞானரட்ணம் உள்ளே போய்க் கைபேசியை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார். "பிள்ளைக்காம்பரா செவுத்துல ஒட்டியிருக்கே, சிறுவர் ஒதவி நம்பரு, 1929. அதுக்கு அடி" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்காது. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பெரிய கல்லின் மேல் ஏறினால்தான் கிடைக்கும். ஐவியம்மா கல்லின் மேல் ஏறி, இது இரகசியமாகச் சொல்ல வேண்டிய விசயம் என்பதால், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார். "ஹலோ! ஆமாங்க, இரகசியமாத்தான் பேசுறேன்! பேரு ஐவி! வெளிய யாருக்கும் சொல்லிறாதீங்க!" என்று அவர் சொன்னது முதல் லயத்திலிருந்து கடைசி லயம்வரை கேட்டது. இறங்கி வருவதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இரண்டு கட்சி உண்டானது. "சாமி கும்புடுற ஆளுங்கள ஏன் வம்புக்கு இழுக்கணும்?" என்றார்கள் சிலர். கோயில் தலைவர் சிவசாமி, "இது ஒங்க வேதக்காரங்களுக்குள்ள உள்ள சண்ட, எங்கள இழுக்காதீங்க" என்றார். ஐவியம்மா அவரைப் பார்த்து, "அண்ணே, ஒங்க பேரப்புள்ள கையும் அந்தப் புள்ள கையும் ஒரே சைஸுதான்" என்றார். சிவசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஆனால் நாலாம் நாள் ஜீப்பும் இரண்டு வேனும் வந்தபோது, பங்களாவுக்கு வழி காட்டியவர் அவர்தான்.

நீதிமன்ற உத்தரவோடு வந்தவர் சிறுவர் நன்னடத்தை அலுவலர் குமாரி மிஸ். கூடவே இரண்டு பெண் பொலிஸ். நாங்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். அந்தக் காலை நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஒன்பது பிள்ளைகளும் வராந்தாத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடினார்கள். வெளியே இருப்பவர்கள் எல்லோரும் பிசாசின் பிள்ளைகள் என்று அவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். மூத்தவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. லோஜினியின் தாய் மீனம்மா முற்றத்து ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். புருசன் செத்த பிறகு அவளுக்கு ஆறுதல் சொன்னது இந்தச் சபைதான். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவள். இப்போது மூத்தவர் முகத்தையும் பிள்ளைகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குமாரி மிஸ்ஸுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தார். "ஐவி அம்மா யாரு? நீங்க வாங்க. பிள்ளைகள் பயம். வேன்ல நீங்க இருங்க."

ஐவியம்மா போட்டிருந்த றப்பர் செருப்போடு அப்படியே உள்ளே போனார். தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் பாடிய பாட்டு அவருக்கும் தெரியும், தினம் கேட்டதுதானே. அவரும் சேர்ந்து பாடினார். சுருதி எங்கேயோ போனது. மூன்றாவது அடியில் திலக்ஷன் தூணை விட்டுவிட்டு அவர் மடியில் வந்து விழுந்தான்.

வேன் வளைவுகளில் இறங்கும்போது பிள்ளைகளுக்கு வாந்தி வந்தது. மூன்று வருடமாக வாகனம் ஏறாத பிள்ளைகள். ஐவியம்மா பைக்கு மேல் பையாக நீட்டிக்கொண்டு, "எடு, எடு, வெக்கப்படாத! இந்த ரோட்டுல வாந்தி எடுக்காதவங்க யாரு? தோட்டத்துத் தொரையே எடுத்திருக்காரு!" என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் அவருக்கும் வந்துவிட்டது. பை தீர்ந்துபோயிருந்ததால் பெண் பொலிஸ் ஒருவர் தன்னுடைய தொப்பியைக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி, நீதிமன்றம் எல்லாம் முடிந்து, பிள்ளைகளைத் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஐவியம்மா திரும்பும்போது லோஜினி வாசலில் நின்றாள்.

"நீங்கதான காட்டிக் குடுத்தது?"

"ஆமாம்மா. நாந்தான்."

லோஜினி இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "ஒங்க கையால பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சு முடிந்ததும் ஐவியம்மாவும் ஞானரட்ணமும் பஸ் ஏறினார்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு போவார்கள். சின்னதுகள் இரண்டு வாரத்தில் வழிக்கு வந்துவிட்டன. முதலில் கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். ஒரு துண்டை எடுத்துச் சட்டைப் பையில் ஒளித்துவைத்தார்கள். பிறகு மறந்துபோய், ஒருவன் ரொட்டியை மற்றவன் பறிக்கிற அளவுக்குத் தேறினார்கள். இல்லத்துப் பொறுப்பாளர் வந்து குறை சொன்னபோது ஐவியம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "பறிக்கிறானா? நெசமாவா? யாரு, அந்தக் குட்டியா?"

லோஜினி மட்டும் வரவேயில்லை. விடியற்காலை நாலு மணிக்கே மற்றப் பிள்ளைகளை எழுப்பி வரிசையில் முழங்காலில் நிறுத்துகிறாள் என்று சொன்னார்கள். "ஜெபம் பண்ணட்டுங்க மிஸ், அது நல்லதுதான்" என்றார் ஐவியம்மா. "ஆறு மணிக்குப் பண்ணச் சொல்லுங்க. ஆண்டவரும் கொஞ்சம் தூங்கட்டும்."

மூன்றாம் மாதம் இல்லத்தில் விளையாட்டுப் போட்டி. வந்தவர்களுக்கும் ஒரு போட்டி வைத்தார்கள், சங்கீதக் கதிரை. பெரிய கதிரைகள் போதாமல் பாலர் வகுப்புச் சின்னப் பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டார்கள். ஐவியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொருவராக வெளியேறி, கடைசியில் ஒரே ஒரு கதிரை. ஒரு பக்கம் ஐவியம்மா, மறுபக்கம் குமாரி மிஸ். பாட்டு நின்றது. ஐவியம்மா பாய்ந்து உட்கார்ந்தார். ஜெயித்தும் விட்டார்.

பரிசு வாங்க எழும்பினார். கதிரையும் கூடவே எழும்பியது.

அவர் இரண்டடி நடந்தார். கதிரை இரண்டு கைப்பிடிகளோடும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. ஞானரட்ணம் ஓடிவந்து கதிரைக் காலைப் பிடித்து இழுத்தார். "இழுக்காதீங்க, நானும் வாறேன்!" என்று ஐவியம்மா கத்த, இரண்டு பேரும் மைதானத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். குமாரி மிஸ் புல்லில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது யன்னல் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கட்டுப்படுத்த முடியாமல் வெடித்து வந்த சிரிப்பு. லோஜினி. சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

சட்டென்று நிறுத்தினாள். முகம் வெளுத்துப்போனது. எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று கண்டதும் வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

ஐவியம்மா கதிரையோடேயே அவள் பக்கம் போனார். போகிற வழியில் மேசையிலிருந்த தன் பரிசு பிஸ்கட் பெட்டியை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா, இதக் கொஞ்சம் புடி தாயி. எனக்கு ரெண்டு கையும் வேணும், இந்தச் சனியன கழட்ட."

லோஜினி கண்ணைத் திறந்தாள். பெட்டியைப் பார்த்தாள். ஐவியம்மாவைப் பார்த்தாள். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் போய், "மூச்ச உள்ள இழுங்க" என்றாள். ஞானரட்ணமும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க, கதிரை கழன்று மூன்று பேரும் விழுந்தார்கள். அன்றைக்கு ரொட்டியும் சாப்பிட்டாள், மூன்று.

அடுத்த வாரம் லோஜினி தானாகவே போய்க் குமாரி மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். யார் அடித்தது, எத்தனை நாள் பட்டினி போட்டது, எந்த அறையில் பூட்டியது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். மூத்தவர் கைதானார். பிறகு பிணையில் வந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. ஐவியம்மாவும் சாட்சி சொன்னார். "நீங்க வேற சபையாச்சே, அந்தப் பொறாமையிலதான இதெல்லாம் செஞ்சீங்க?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார். "பொறாமதான் ஐயா. அவங்க எங்கள விட நல்லாப் பாடுவாங்க. அதுக்கு நான் பாட்டத்தான கொற சொல்லணும், புள்ளைங்க கையையா?" என்றார் ஐவியம்மா. மெதுவாகப் பேசும்படி நீதிமன்றத்தில் இரண்டு தடவை சொன்னார்களாம்.

சபையை விட்டு வெளியே வருகிற தாய்தகப்பனிடம் பிள்ளைகளை ஒப்படைக்கலாம் என்று உத்தரவு வந்தது. மழை பெய்த ஒரு மத்தியானம் மீனம்மா ஒரே ஒரு பையோடு எங்கள் லயத்துக்கு இறங்கி வந்தாள். ஐவியம்மா வீட்டு வாசலில் நின்றாள். கூப்பிடவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

"ஒங்க மேல எனக்குக் கோவம் போகல ஐவியக்கா" என்றாள். "ஆனா எனக்குப் போக வேற எடமில்ல."

"கோவத்தையும் கூட்டிக்கிட்டு உள்ள வா. நனையுது பாரு" என்றார் ஐவியம்மா.

மீனம்மா இரண்டு மாதம் அவர்கள் வீட்டு முன்னறையில் இருந்தாள். முதல் வாரம் பேசவில்லை. இரண்டாம் வாரம், ஐவியம்மா வைத்த குழம்பில் உப்பில்லை என்று சொன்னாள். அதிலிருந்து பேச்சு ஓடியது. சிவசாமி அண்ணன் தொரையைப் பார்த்துப் பேசி அவளுக்குத் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து கொடுத்தார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், கொழுந்தெடுத்து, லயத்தின் கோடியில் ஒரு காம்பரா வீடும் கிடைத்த பிறகு, அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். குமாரி மிஸ் மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். மீனம்மா இப்போது எந்தச் சர்ச்சுக்கும் போவதில்லை. வீட்டிலேயே ஜெபம் பண்ணுகிறாள். ஐவியம்மா அவளைத் தங்கள் சர்ச்சுக்குக் கூப்பிட்டதும் இல்லை.

மற்ற ஏழு பேரில் இரண்டு பேர் சபையை விட்டு வந்த தாய்தகப்பனோடும், இரண்டு பேர் நானுஓயாவில் மாமன் வீட்டிலும் இருக்கிறார்கள். மூன்று பிள்ளைகள் இன்னும் இல்லத்தில்தான். அவர்களுடைய தாய்தகப்பன் பங்களாவை விட்டு இறங்கவில்லை.

போன ஞாயிறு ஐவியம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ்ஸில் போக முடியாது என்று படுத்துவிட்டார். லோஜினி வந்து ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு இப்போது பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. மற்றப் பிள்ளைகளை விட ஒரு தலை உயரம், அதைப் பற்றிக் கவலைப்படுவதாகவும் தெரியவில்லை.

"மாமா, நீங்க வாங்க" என்று ஞானரட்ணத்தைக் கூப்பிட்டாள். "பஸ்ஸுல பேச வேணாம், நான் பேசிக்கிறேன்."

ஞானரட்ணம் சந்தோசமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். திலக்ஷனும் பின்னால் ஓடினான், இல்லத்தில் இருக்கிற மூன்று பேருக்கும் காட்டுவதற்காக, புதிதாக விழுந்த தன் முன்பல்லைக் கைக்குள் பொத்திக்கொண்டு.