வெண்டலின் மோசரின் கால்சட்டை

வெண்டலின் மோசருக்கு இடுப்பு கிடையாது. முன்னால் பீப்பாய் போல ஒரு வயிறு, பின்னால் பலகை போலத் தட்டை. நடுவே பெல்ட் உட்கார இடமில்லை. இருந்தும் அறுபத்துமூன்று வயதுவரை பெல்ட்டைத்தான் கட்டினார். கால்சட்டையைத் தோளிலிருந்து தூக்கிப் பிடிக்கும் வார் இருக்கிறதே, அது கைக்குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், சமவெளியிலிருந்து வரும் சுற்றுலாக்காரனுக்கும் உரியது என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையைக் காப்பாற்ற நாள் முழுக்கக் கால்சட்டையை மேலே இழுத்துக்கொண்டிருப்பார். ஒரு மதியம் எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தேன். எண்பத்தாறில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் டிரோல் மலைப் பள்ளத்தாக்கின் கடைசி ஊர். அதற்கப்புறம் பேருந்தே திரும்பிவிடும். ஊர்ச் சரிவில் ஓடும் பழைய இழுவை லிஃப்டில் அவருக்கு முப்பத்தொரு வருட வேலை. பெரிய வேலை ஒன்றும் இல்லை. கம்பியில் தொங்கி வரும் கட்டையைப் பிடித்து, ஸ்கீ மாட்டி வரிசையில் நிற்கிறவர்களின் பின்பக்கத்துக்கு அடியில் கொடுக்க வேண்டும். கட்டை அவர்களை மேலே இழுத்துப்போகும், அடுத்த பின்பக்கம் வந்து நிற்கும். இப்படி முப்பத்தொரு வருடம் உலகத்தைப் பின்னாலிருந்தே பார்த்ததால் உலகத்தைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வந்தவளெல்லாம் பேசிக்கிட்டே இருந்தா" என்பார். இவர் பேசினால் மட்டும் பரவாயில்லை போலிருக்கிறது. எந்தப் பனிக்கு ஸ்கீயின் அடியில் எந்த மெழுகு, பயறு சூப்புக்கு எவ்வளவு வினிகர், போப்பாண்டவர் எப்படி உட்கார வேண்டும், எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு உண்டு. ஊர் இசைக்குழுவில் பெரிய டிரம் அடிப்பார். தாளம் தவறினால் மற்ற இருபத்தெட்டுப் பேரையும் முறைப்பார்.

இந்த மனிதருக்கும் ஒரு பெருமை இருந்தது. ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பனிச்சறுக்குப் பந்தயம். முதல் போட்டியாளர் இறங்கும் முன் ஒருவர் தடம் முழுக்கச் சறுக்கிப் பார்க்க வேண்டும், கொடிகள் சரியாக நிற்கின்றனவா, பனி எங்கே கெட்டி என்று. அவருக்கு முன்னோடி என்று பெயர். நெஞ்சில் கட்டும் துணியில் எண் பூஜ்யம். அவருக்காகக் கடிகாரம் ஓடாது, கோப்பை கிடையாது. ஆனால் அவர் கீழ்க்கோட்டைத் தாண்டினால்தான் பந்தயம் தொடங்கும். பத்தொன்பது வருடமாக அந்தப் பூஜ்யம் வெண்டலினுடையது. மற்றவர்கள் வீட்டுச் சுவரில் பேரப்பிள்ளைகள் படம் தொங்கும். அவர் வீட்டில் இஸ்திரி போட்ட பத்தொன்பது பூஜ்யங்கள்.

போன வருடம் கோட்டைத் தாண்டி, நின்று, ஏதோ உலகக் கோப்பையை வென்ற மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். கால்சட்டை முழங்காலுக்கு இறங்கிவிட்டது. பாதிரியார், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தீயணைப்புப் படை, எல்லோரும் பார்த்தோம். உள்ளே போட்டிருந்த நீளக் காலாடையில் ஒட்டு வேறு.

இந்த வருடம் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன், ஸ்கீ சங்கத் தலைவி நோட்பூர்கா லிஃப்டுக்கே வந்துவிட்டாள். ரொட்டிக்கடைக்காரி. மாவு பிசைந்து பிசைந்து தோள் அகன்றவள்.

"யோவ் வெண்டல், இந்தத் தடவ உன் பேண்ட் கீழ எறங்குச்சுன்னா அடுத்த வருஷத்துல இருந்து லோரென்ஸுக்குத்தான் பூஜ்யம். கமிட்டில எழுதியாச்சு."

"போன தடவ காத்தும்மா அது."

"அதே காத்துலதான நானும் நின்னேன். என் பாவாடைய விட்டுட்டு உன் பேண்ட்டத் தேடி வந்துச்சா?"

வரிசையில் நின்ற நாங்கள் சிரித்தோம். வெண்டலின் ஒரு கட்டையைத் தவறவிட்டார். அது யாரையும் இழுக்காமல் தனியாக மேலே போனது. லோரென்ஸ் தபால்காரர், ஒல்லி, அவரைவிட மூன்று வயது இளையவர். நல்ல மனிதர்தான். அதுதான் வெண்டலினால் தாங்க முடியாதது.

மறுநாள் அவர் ரூபெர்ட்டின் விளையாட்டுப் பொருள் கடைக்குள் நுழைந்தபோது நானும் அங்கே இருந்தேன். என் ஸ்கீயின் ஓரத்தை ரூபெர்ட் கூராக்கிக்கொண்டிருந்தார். வெண்டலின் கையுறைகளைப் பார்த்தார், தொப்பிகளைப் பார்த்தார், கடைசியில் கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த... தோள்ல மாட்டறது இருக்கா?"

ரூபெர்ட் ஒரு கட்டு எடுத்துப் போட்டார். "இது முதுகுல குறுக்கப் போறது. இது நடுவுல ஒண்ணாச் சேந்து ஒத்தையா எறங்கறது. உங்க தோளுக்குக் குறுக்கப் போறதுதான் நழுவாது. அகலமா எடுத்துக்கங்க. கிளிப் வெச்சது வேணாம், குனியறப்ப தெறிச்சு எவன் கண்ணையாவது வாங்கிரும். பட்டன் வெச்சது நல்லது."

"செவப்பா இருக்கே."

"கறுப்பு இருக்கு."

"சாவு வீட்டுக்கா போறேன்?"

"நீலம்?"

"நீலம் லோரென்ஸ் போடறது."

"வெண்டலின், இதப் பாருங்க, பின்னாடி கரடி படம்லாம் போட்டிருக்கு. ஆறு வயசு வரைக்கும்னு எழுதிருக்கு, இழுத்துக் கட்டுனா பத்தும்" என்றேன்.

"உன் வாயில பனிய வெச்சு அடைக்க! பிசாசே!"

பிறகு அவர் ஒரு வாரை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தார். அது நீண்டது. விட்டார், சுருங்கியது. அவர் முகத்தில் ஒரு திருட்டைக் கண்டுபிடித்த களை.

"ரூபெர்ட்டு, இது நீளுது."

"எலாஸ்டிக்குங்க. நீங்க குனிஞ்சா கூடவே நீளும், நிமிந்தா சுருங்கும். அதுக்குத்தான அது."

"நீளற சாமான எப்படிப்பா நம்பறது?" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியேறினார். வாசலில் ஒரு தடவை கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அப்புறம் அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பந்தயத்தன்று மேலே, தொடக்க மேடையில்தான் பார்த்தேன். எனக்கு எண் ஒன்று விழுந்திருந்தது. பூஜ்யத்துக்குப் பின்னால் நான். என்னைப் பார்த்ததும் ஜாக்கெட்டைத் திறந்து காட்டினார். எங்கள் இசைக்குழு உடுப்பின் தோல்வார். நான்கு விரல் அகலம், மார்பில் குறுக்குப் பட்டை, பட்டையில் வெள்ளை நூலில் மலைப்பூ. அவரே பட்டன் தைத்து ஸ்கீ கால்சட்டையில் மாட்டியிருந்தார்.

"இருவது வருஷம் இதப் போட்டு டிரம் சொமந்திருக்கேன். ஒரு தடவ நழுவிருக்கா, சொல்லு?"

நழுவியதில்லைதான். அதைப் போட்டுக்கொண்டு எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்கு நடப்பார்கள், சவ ஊர்வலத்தில் நடப்பார்கள். நடப்பார்கள். அதை மாட்டிக்கொண்டு குனிந்து சறுக்க வேண்டும் என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் தோன்றியதில்லை. கெட்டி மாட்டுத்தோல் ஒரு நூலளவுகூட நீளாது. ஊர்ப் பெருமை எதற்குக் குனிய வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அவர் காலணிக் கொக்கியை மாட்டக் குனிந்தார். பாதியில் நின்றுவிட்டார். முதுகுப்பக்கத் தோல்வார் விறைத்து, கால்சட்டையின் நடுத்தையலை மேலே இழுத்தது. முகம் தக்காளி நிறமானது. மறுபடி முயன்றார். மறுபடி பாதியில்.

"ஏ பிசாசே" என்றார், மேடையில் தொடக்கக் கொடி பிடிப்பவருக்குக் கேட்காத குரலில். "இந்தக் கொக்கிய மாட்டி விடேன்."

நாக்கு நுனியில் நான்கு கிண்டல்கள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றும் ஊர் ஒரு வருடம் சொல்லிச் சிரிக்கத் தக்கது. பனியில் மண்டியிட்டுக் கொக்கியை மாட்டினேன். அவ்வளவுதான்.

"எலாஸ்டிக் வாங்கிருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

"வாய மூடு" என்றார். ஆனால் வழக்கமான தீர்ப்புக் குரல் இல்லை அது.

கிளம்பினார். குனியாமல் எப்படி ஸ்கீ ஓட்டுவது என்று யாருக்காவது பார்க்க ஆசையிருந்தால் அன்று வந்திருக்க வேண்டும். சுவர்க்கடிகாரத்தை யாரோ சரிவில் நிறுத்தித் தள்ளிவிட்ட மாதிரி விறைப்பாகப் போனார். முதல் கொடி, இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் சரிவு செங்குத்து, குனியாமல் முடியாது. குனிந்தார். தோல் அவரைப் பின்னால் இழுத்தது. மல்லாந்து விழுந்தார்.

கவிழ்ந்த வண்டுபோலக் கிடந்தார். எழ வேண்டுமானால் உடம்பை மடக்க வேண்டும், மடக்க விடாது தோல். கீழே கூட்டம் தெரிந்தது, பாதிரியாரின் கறுப்பு அங்கியும் தெரிந்தது. கொடி பிடிப்பவரின் வயர்லெஸ்ஸில் நோட்பூர்காவின் குரல் கரகரத்தது.

"என்ன ஆச்சு மேல? இன்னும் ரெண்டு நிமிஷம் பாப்பேன். அப்புறம் லோரென்ஸ அனுப்பறேன்."

வெண்டலின் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினார். ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒவ்வொரு பட்டனாக அவிழ்த்தார். எழுந்தார். பெருமைக்குரிய தோல்வார் ஜாக்கெட்டுக்கு அடியில் வால்போல ஆடியது. இடது கையால் கால்சட்டையை வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்கீ ஊன்றுகோல் இரண்டில் ஒன்றைப் பனியில் குத்தி அங்கேயே விட்டுவிட்டு, மற்றதை வலக்கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். இந்தத் தடவை குனிந்து. ஒரு கொடியும் விடவில்லை. கோட்டைத் தாண்டியதும் கையைத் தூக்கவில்லை. அந்த அளவுக்கு அறிவு வந்திருந்தது.

வயர்லெஸ்ஸில் ஒரே கூச்சல். லோரென்ஸின் குரல்: "கையால புடிச்சுக்கிட்டு வந்திருக்காரும்மா! இதெல்லாம் கணக்குல வருமா?"

நோட்பூர்கா: "கமிட்டில என்ன எழுதுனோம்? பேண்ட் கீழ எறங்குச்சுன்னான்னு எழுதுனோம். எறங்குச்சா?"

"எறங்கல, ஆனா..."

"ஆனாவ உன் தபால் பையில போட்டுக்க. அடுத்த வருஷமும் இவன்தான், என்ன செய்யறது. மேல இருக்கறவங்க ஒண்ணாம் நம்பர விடுங்க!"

விட்டார்கள். போனேன். நான்காவது கொடியில் அவர் விழுந்த பள்ளம், பக்கத்தில் தனியாக நின்ற ஊன்றுகோல். அதற்குக் கீழே அவருடைய தடம். வலப்பக்கம் மட்டும் ஊன்றுகோல் குத்திய சின்னச் சின்னக் குழிகள், இடப்பக்கம் வெறும் பனி. ஒரு குழியைக்கூட மிதிக்காமல் சுற்றிக்கொண்டு இறங்கினேன். அதில் நாலு வினாடி போயிற்று. ஒன்பதாவதாக வந்தேன்.

ரூபெர்ட் ஏன் என்று கேட்டார். மெழுகு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.