மழைத்தெய்வம் சம்மதம் கேட்கிறது

மனிதருக்குத் தெய்வம் விதி எழுதும் என்பார்கள். என் பிழைப்போ தெய்வங்களுக்கு விதி எழுதுவது. பூதலூரில் வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு விளையாட்டு வடிவமைக்கிறேன். சிலர் கூடி உட்கார்ந்து, ஆளுக்கொரு தெய்வமாகி, பேசிப் பேசியே ஓர் உலகத்தை உண்டாக்கும் விளையாட்டு. வெற்றி தோல்வி கிடையாது. எந்தத் தெய்வம் எதைச் செய்யலாம் என்று நான் எழுத வேண்டும். எழுதிய விதியை நாலு பேர் கையில் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

பெய்யாத மழை

முதல் சோதனை தோழி திலகா வீட்டில். அவள் கணவர் செல்வம் குத்தகைக்கு நெல் சாகுபடி செய்பவர், அவர்தான் மழைத்தெய்வம். நினைத்தபோது பெய்யலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்பது என் விதி. இதைவிட என்ன அதிகாரம் வேண்டும்? ஆனால் முறை வரும்போதெல்லாம் "இப்ப வேணாங்க" என்று தள்ளிக்கொண்டே போனார். ஆட்டம் நகரவில்லை. பெய்யுங்களேன் என்று கெஞ்சினேன். கதைக்குள் திலகா உண்டாக்கியிருந்த வயலைக் காரணம் காட்டினார் செல்வம்: "கதிர் முத்தி நிக்குது. அறுப்பு நேரத்துல ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்க பெய்யறது?"

ஆற்றிடம் கேள்

அவர் சொன்னதையே விதியாக்கினேன்: ஒரு தெய்வம் செய்வது இன்னொரு தெய்வத்தைத் தொடுமென்றால், முகம் பார்த்துச் சம்மதம் கேட்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வத்தின் அண்ணன் ராஜேந்திரனும் வந்தார். அடுத்த வீடுதான். வாய்க்காலில் யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்று போன சம்பாவில் வந்த தகராறிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. திலகா கூப்பிட்டதற்காக வந்தவர், ஆற்றுத்தெய்வத்தை எடுத்துக்கொண்டார். மழை பெய்தால் ஆறு பெருகும். செல்வம் கேட்டே ஆக வேண்டும்.

"ஆறு சரின்னா பெய்யறேன்" என்றார் செல்வம், சுவரைப் பார்த்து. "முகத்தைப் பார்த்துக் கேக்கணுங்க" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே பயமாகிவிட்டது. ஒரு விளையாட்டுக்காக இன்னொரு சண்டையை இழுத்து வைக்கிறேனோ? திலகா தலை நிமிரவே இல்லை. செல்வம் மெதுவாகத் திரும்பினார். "அண்ணே, பெய்யட்டுமா?"

ராஜேந்திரனும் தம்பியின் முகத்தைப் பார்த்தார். "கரை தாங்கற அளவுக்குப் பெய்டா."

விடுப்பில் எமன்

அடுத்த ஆட்டத்தில் மரணத்தெய்வத்தை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் திலகா எடுத்தாள். அவள் மருத்துவமனையில் நர்ஸ். ஆனால் யார் உயிரையும் எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். "டியூட்டியில பாக்கறது போதும்டி, இங்கயாவது லீவு குடு." யாரும் சாகாததால் கதைக்குள் ஊர் பெருத்தது, நடக்க முடியாத கிழவர் ஒருவர் வலியோடு கிடந்தார். அவருக்காக நாங்கள் எல்லோரும் அவளிடம் மன்றாடும்படி ஆயிற்று. பிறகு, வார்டில் நோயாளியிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்: "கூட்டிட்டுப் போறேன். அவர் பொண்ணு வந்து பாத்துடட்டும்."

மேலாளரின் கவலை

கம்பெனி மேலாளருக்குச் சம்மத விதி பிடிக்கவில்லை. தெய்வங்கள் மோதினால்தான் விறுவிறுப்பு, அந்த விதியை எடுத்துவிடுங்கள் என்றார். நான் மறுத்தேன், ஒருமுறை ஆடிவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். தன் குழுவோடு காலையில் உட்கார்ந்தவர், சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் போன் செய்தார். "சண்டையே இல்ல மேடம், ஆனா ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டேங்கறாங்க!"

எந்தத் தெய்வத்தையும் விதிக்குள் கொண்டுவந்துவிடலாம். ஆட்டத்தின் நடுவில் டீ வந்தால் மட்டும் எந்த விதியும் செல்லாது; எந்தத் தெய்வமும் யாரிடமும் சம்மதம் கேட்காமல் டம்ளரை எடுத்துவிடும்.