கைக்கு இடமில்லாத பட்டியல்

காலை ஆறு பத்து. ஆரணி ஆறு பழவேற்காடு ஏரியில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், தண்ணீருக்கு மேல் ஒன்பது தலைகள் தெரிந்தன. ஒவ்வொரு வாயிலும் ஒரு பறி. ஓலையில் பின்னிய சிறிய கூடை அது. பல்லால் கவ்விப் பிடித்திருந்தார்கள். இருளர் பெண்கள். கழுத்தளவு நீரில் முட்டி போட்டு நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவர்கள்.

அந்தக் கரையில் உல்லாசப் படகுத்துறை கட்டத் திட்டம். அங்கே மீன்பிடிப்பு நடக்கிறதா என்று பார்க்க ஒரு தனியார் ஆய்வுக் குழுவிலிருந்து இளைஞர் ஒருவர் வந்திருந்தார். உள்ளூர்க்காரன், பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்பதால் வழிகாட்ட என்னை அழைத்திருந்தார்கள். நடக்கிறது என்று பதிவானால் துறை வேறு இடத்துக்குப் போகும். இல்லை என்று பதிவானால் கரை இந்தப் பெண்களை விட்டுப் போகும்.

ஒரு மணி நேரம் எண்ணிவிட்டு அவர் சொன்னார்: "ஒரு படகு கூட வரல சார். ஜீரோன்னு குறிச்சிடறேன்."

"எதிர்ல ஒன்பது பேர் இருக்காங்களே?"

"அவங்க குளிக்கிறாங்க சார்."

பறியைக் காலி செய்யக் கரையேறிய பெண்ணின் காதில் அது விழுந்துவிட்டது.

"குளிக்கிறமா? வாயில பறிய கவ்விக்கினு எவ நைனா குளிப்பா?"

தண்ணீரில் இருந்த இன்னொருத்தி பேசுவதற்காகப் பறியை வாயிலிருந்து எடுத்தாள். "சோப்பு வாங்கியாரச் சொல்லுக்கா. வந்ததுக்கு அப்பிடியே முதுகும் தேச்சுட்டுப் போவட்டும்!"

தலைகள் சிரித்தன. இளைஞரும் சிரித்தார். கெட்டவர் இல்லை.

"சரிக்கா, தொழில்னே போடறேன். என்ன வலை?"

கரையேறியவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. கிளிஞ்சல் கிழித்த கோடுகள். "இத்தான்."

"கை லிஸ்ட்ல இல்லக்கா."

"இல்லன்னா எழுதேன். எழுதத்தானே எடுத்தாந்த?"

எழுத முடியாது. அவருடைய டேப்லெட்டில் படகு வகை, வலை வகை, பிற பயன்பாடு என்று பட்டியல்கள் இருந்தன. ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் திறக்காது. கடைசியில் 'குளியல், துணி துவைத்தல்' என்பதைத் தொட்டார். "ஆபீஸ் போய் மாத்திடறேன் சார்" என்றார். மாற்றவில்லை.

இந்த ஆற்றால் பிழைத்தவர்கள் எல்லோரும் எழுதி வைத்துப் பிழைத்தவர்கள். டச்சுக்காரர்கள் கோட்டைக்கு வந்த துணிப் பொதியை எழுதினார்கள். மரக்கலம் ஓட்டிய முஸ்லிம் வணிகர்கள் சரக்கை எழுதினார்கள். கால்வாய் வெட்டிய வெள்ளைக்காரன் உப்புப் படகை எழுதினான். மேலே தடுப்பணை கட்டுகிறவர்கள் கன அடியில் எழுதுகிறார்கள். வலைக்காரக் கிராமங்களிலும் நோட்டு உண்டு: இன்றைக்கு யார், எந்த இடத்தில் வலை போடுவது என்கிற முறை. அதற்குப் பாடு என்று பெயர். ஒவ்வொருவருக்கும் ஆறு ஒவ்வொரு விதமான பொருள். வெறுங்கையோடு அதில் இறங்கியவர்களை மட்டும் யாரும் எந்த ஏட்டிலும் எழுதவில்லை.

பாடு நோட்டை வைத்திருக்கும் கிராமத் தலைவரிடம் போனேன். அந்தப் பெண்கள் அங்கே இறால் பிடிக்கிறார்கள் என்று ஒரு கையெழுத்து கேட்டேன்.

"பிடிக்கிறாங்க, இல்லன்னு சொல்லல. எங்க நைனா காலத்திலேயே பிடிச்சாங்க" என்றார். "ஆனா நான் கையெழுத்து போட்டா நாளைக்கு எங்களுக்கும் பாடு குடுன்னு வந்து நிப்பாங்களே சார்?"

டேப்லெட்டுக்குக் கண் இல்லை. இவருக்கு இருந்தது. என் கோபம் இன்றுவரை அவர் சொன்ன அந்த வாக்கியத்தில்தான் நிற்கிறது.

படகுத்துறையை எதிர்த்து நானே கலெக்டருக்கு மனு எழுதினேன். ஆட்சேபணை மீனவர் அட்டை உள்ளவரிடமிருந்து வர வேண்டும் என்று ஒரு வரிப் பதில் வந்தது. படகோ வலையோ காட்டினால்தான் அட்டை. சரி, படமாவது அனுப்பலாம் என்று செல்போனைத் துழாவினேன். அன்று காலை ஒன்றரை மணி நேரம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு படம் எடுக்கவில்லை. அடுத்தவன் எண்ணுகிறான் என்று விட்டுவிட்டேன். அது என் தொழிலில் மன்னிக்கிற தப்பு இல்லை. மறுபடி போனபோது கரையைச் சுற்றித் தகர வேலி அடித்துவிட்டிருந்தார்கள்.

துறை கட்டி முடிந்தது. சேற்றின் மேல் கான்கிரீட் படிகள். பக்கத்திலேயே, குளிக்க வரும் பெண்கள் உடை மாற்றிக்கொள்ள ஓர் அறை. ஓடு பதித்து, நல்ல கதவு போட்டிருக்கிறார்கள்.

கையை நீட்டிக் காட்டிய பெண் இப்போது மீஞ்சூருக்கு பஸ்ஸில் போகிறாள். ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலை.